இரவு எட்டு மணி, ஒரு நிமிடம்: ஈப்பர் நகரின் லாஸ்ட் போஸ்ட் நிகழ்ச்சி

பெல்ஜியத்தின் மேற்கு ஓரத்தில் ஈப்பர் என்று ஒரு சின்ன ஊர். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் பிரெஞ்சு உச்சரிப்பில் 'ஈப்ர' என்று வரும். அங்கே மெனின் வாயில் என்கிற பெரிய வளைவுக்கு அடியில் தினமும் இரவு எட்டு மணிக்கு பியூகிள் என்னும் பித்தளைக் கொம்பில் 'லாஸ்ட் போஸ்ட்' என்ற ராணுவ அழைப்பை ஊதி, முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் மௌனம் காக்கிறார்கள். மழை, பனி, பண்டிகை என்று எதற்காகவும் விடுமுறை கிடையாது. 1928-இல் ஆரம்பித்த வழக்கம். பார்க்கப் போகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை, டிக்கெட் இல்லை. பாரிஸ், பிரசல்ஸ், ஆம்ஸ்டர்டாம் என்று சுற்றும் தமிழர்களின் பயணத் திட்டத்தில் இந்த ஊர் பெரும்பாலும் வருவதில்லை. ஒரு மாலையை ஒதுக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எங்கே நிற்பது, எப்போது வருவது, எதில் ஏமாற்றம் வரும், நம் நாட்டவர் பெயர் எங்கே இருக்கிறது என்பதைக் கீழே பார்க்கலாம்.

மௌன அஞ்சலி நமக்குப் புதிதா என்ன? பள்ளிக்கூடம், சங்கக் கூட்டம், சட்டமன்றம், விளையாட்டு மைதானம் என்று எங்கும் உண்டு. "அனைவரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம்" என்று மைக்கில் அறிவிப்பார்கள். இருபத்தைந்து விநாடி போயிருக்கும், "நன்றி, அமரலாம்" என்று வந்துவிடும். அவமதிக்கும் எண்ணத்தில் யாரும் இப்படிச் செய்வதில்லை. நேரம் பார்க்க என்று தனியாக ஓர் ஆளை வைப்பதில்லை. மௌனம் இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது என்று காதுக்குச் சொல்ல ஓர் ஒலி கிடையாது. மைக் பிடித்தவருக்கோ அந்த அமைதியே தாங்கமுடியாத சங்கடமாகிவிடுகிறது. பேச்சை நிறுத்தினால் மௌனம் தானே வந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். கல்யாணத்துக்குப் பந்தி ஏற்பாடு செய்கிற மாதிரி மௌனத்துக்கும் ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாட்டை ஈப்பர்காரர்கள் எவ்வளவு கச்சிதமாகச் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவே போகலாம்.

முதலில் இடத்தைப் பற்றி. மெனின் வாயிலை வடிவமைத்தவர் சர் ரெஜினால்ட் புளோம்ஃபீல்ட். 1927 ஜூலை 24 அன்று ஃபீல்டு மார்ஷல் பிளூமர் திறந்துவைத்தார். மெனின் என்ற ஊரை நோக்கிப் போகும் சாலை இந்த இடத்தில்தான் கோட்டை அகழியைத் தாண்டுகிறது. போர்முனைக்குப் போன படைகள் நடந்துபோன திசை அது. வளைவின் உள்கூடம் சுமார் 36 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். உள்சுவர், பக்கத்துப் படிக்கட்டுகள், மேலே இருக்கும் தாழ்வாரங்கள் எல்லாவற்றிலும் பெயர், பெயர், பெயர். மொத்தம் 54,000-க்கும் மேல். இவர்கள் இந்த ஊரைச் சுற்றிய சண்டையில் இறந்தவர்கள். உடல் கிடைக்காதவர்கள், அல்லது கிடைத்த உடல் யாருடையது என்று தெரியாமல் போனவர்கள். அப்படியும் சுவரில் இடம் போதவில்லை. 1917 ஆகஸ்ட் 15 வரைக்கும் காணாமல்போன பிரிட்டிஷ் வீரர்கள் இங்கே. அதற்குப் பிறகானவர்கள் சில கிலோமீட்டர் தள்ளி டைன் காட் கல்லறையின் பின்சுவரில், கிட்டத்தட்ட 35,000 பேர்.

பெயர்களை ரெஜிமெண்ட் வாரியாகவும், அதற்குள் பதவி வாரியாகவும், அதற்குள் அகரவரிசையிலும் செதுக்கியிருக்கிறார்கள். இன்றைக்கும் இந்த வட்டாரத்தில் உழும்போதும் குழாய் பதிக்கத் தோண்டும்போதும் எலும்புகள் கிடைக்கின்றன. அடையாளம் தெரிந்துவிட்டால் அந்த வீரரை முறைப்படி அடக்கம் செய்து, கல்லறைக் கல்லில் பெயர் பொறிக்கிறார்கள். பிறகு சுவரிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிடுகிறார்கள். அதாவது இந்தப் பட்டியல் இன்னும் முடியவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தைக் கையில் ஏந்தி வருடக்கணக்கில் சாலையோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மாரை ஈழத்தில் பார்த்தவர்களுக்கு, உடல் கிடைக்காத ஒருவருக்கு ஒரு சுவரில் ஒரு வரி கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்கவேண்டியதில்லை.

அதனால் எட்டு மணிக்கு ஓடிவந்து நிற்காதீர்கள். ஐந்து, ஐந்தரைக்கே வந்து சுவரை நிதானமாகப் படியுங்கள். படிக்கட்டு ஏறி மேல் தாழ்வாரத்துக்கும் போங்கள்; பலர் கூடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நான்கு பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டு மௌனத்தில் நிற்பதும், எதுவும் படிக்காமல் நிற்பதும் ஒன்றாக இருக்காது.

இனி நிகழ்ச்சி. பகல் முழுக்க வளைவுக்குள் கார், சைக்கிள் எல்லாம் போய்க்கொண்டிருக்கும். இது புழக்கத்தில் உள்ள சாலைதான். இரவு ஏழரைக்குப் போலீசார் இரண்டு பக்கமும் சாலையை மூடுகிறார்கள். இந்த ஏழரையை முக்கியமாக நினைவில் வையுங்கள், இடம் பிடிப்பது இதற்கு முன்னால்தான் நடக்கிறது. கூட்டம் இரண்டு பக்கச் சுவரோரமும் நிற்கும். நடுவில் சாலை காலியாக இருக்கும். எட்டுக்கு உள்ளூர்த் தீயணைப்புப் படையின் பியூகிள் குழு சீருடையில் வந்து வளைவின் கீழ் சாலையில் வரிசையாக நிற்கும். எட்டு என்றால் எட்டுதான், வி.ஐ.பி.க்காகக் காத்திருக்கும் பழக்கம் இல்லை.

முதலில் கவனத்தைக் கூட்டும் சிறு அழைப்பு. அடுத்து லாஸ்ட் போஸ்ட். பிரிட்டிஷ் ராணுவ முகாமில் இரவுக் காவல் சுற்று முடிந்தது, நாள் முடிந்தது என்று அறிவிக்கும் அழைப்பு அது. பிற்பாடு வீரர்களின் அடக்கத்தின்போது ஊதும் வழக்கமாகிவிட்டது. பியூகிளில் வால்வு கிடையாது, விரலுக்கு வேலை இல்லை. உதட்டின் இறுக்கத்தையும் மூச்சையும் வைத்தே சுரம் மாறுகிறது. லாஸ்ட் போஸ்டில் வருவது மொத்தமே ஐந்து சுரம். நாகசுரக் கச்சேரி கேட்டுப் பழகியவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஒளிந்துகொள்ள இடமே இல்லாத வாத்தியம் என்பதுதான் இதில் இருக்கிறது. உச்ச சுரத்தில் உதடு ஒரு நூல் தளர்ந்தாலும் ஒலி பிளந்துவிடும். குளிர் காலத்தில் பித்தளைக்குள் இருக்கும் காற்று குளிர்ந்து சுருதி இறங்கும். அதனால் பியூகிள்காரர்கள் வாய்ப்பகுதியை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றிக்கொண்டே காத்திருப்பார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஊதும்போது ஒருவருடைய சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தாலும் அந்தக் கல் கூடம் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தக் கூடம்தான் இங்கே பாதி வேலையைச் செய்கிறது. இரண்டு முனையும் திறந்த நீண்ட கல் வளைவு, மேற்கூரையில் வட்டமாக மூன்று திறப்புகள். கடைசி சுரத்தை நிறுத்தி அவர்கள் பியூகிளை இறக்கிய பிறகும் ஒலி மேலே கொஞ்ச நேரம் நிற்கிறது. மௌனம் அந்த ஒலியின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. "மௌனம் காப்போம்" என்று யாரும் கட்டளையிட வேண்டியதில்லை.

எளிய நாள் நிகழ்ச்சி என்றால் அழைப்பு, லாஸ்ட் போஸ்ட், மௌனம், முடிவில் ரெவெய் என்னும் விடியல் அழைப்பு, அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மலர் வளையம் வைக்கும் குழுக்கள் இருந்தால் நிகழ்ச்சி நீளும். அன்றைக்கு ஒருவர் நினைவு வாசகத்தைச் சொல்வார். 'மறக்கமாட்டோம்' என்ற பொருளில் கூட்டம் அதன் கடைசி வரியைத் திருப்பிச் சொல்லும். மௌனத்துக்குப் பிறகு வளையம் வைப்பவர்கள் நடந்துபோவார்கள். சில நாள் பாடகர் குழுவோ பைப் வாத்தியமோ இருக்கும். இருபது நிமிடம், அரைமணி ஆகலாம். முதல் தடவை போகிறவர்களுக்கு எளிய நாளையே பரிந்துரைக்கிறோம். நீண்ட நிகழ்ச்சி அழகானதுதான், ஆனால் அதில் கண்ணுக்கு வேலை அதிகம்.

அந்த ஒரு நிமிடத்தில் என்ன நடக்கிறது? முதல் பத்துப் பதினைந்து விநாடி செருப்புச் சத்தம், இருமல், கைப்பையின் ஜிப். இருபதாவது விநாடி வாக்கில் கூட்டம் அடங்குகிறது. அதற்குப் பிறகுதான் வெளியே இருப்பவை கேட்க ஆரம்பிக்கும்: வளைவில் புகுந்து போகும் காற்று, மேலே புறாவின் இறகடிப்பு, தூரத்தில் மூடிய சாலைக்கு அப்பால் நிற்கும் ஒரு வண்டியின் எஞ்சின். முப்பத்தைந்து, நாற்பதாவது விநாடியில் பலருடைய பார்வை தாமாக எதிர்ச்சுவருக்குப் போகும், ஏனென்றால் பார்க்க வேறு எதுவும் இல்லை, பெயர்கள்தான் இருக்கின்றன. மௌனம் வேலை செய்யத் தொடங்குவதே இங்கேதான். நம் ஊர் மௌன அஞ்சலியில் "அமரலாம்" என்று சொல்லிவிடுவது இதற்கு முன்னாலேயே. இருபத்தைந்து விநாடிக்கும் அறுபது விநாடிக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்கள் ஒருமுறை இங்கே நின்று பார்க்க வேண்டும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கோடையிலும் பள்ளிச் சுற்றுலாக் காலத்திலும் நூற்றுக்கணக்கில் கூட்டம் வரும். மூன்றாவது வரிசைக்குப் பின்னால் நின்றால் பியூகிள்காரர்களைப் பார்க்கமுடியாது. உட்கார இடம் கிடையாது; முழங்கால் வலி உள்ள பெரியவர்களை ஏழு மணிக்கே கொண்டுவந்து நிறுத்தினால் எட்டேகாலுக்குள் தளர்ந்துவிடுவார்கள். ஆகவே அவர்களைச் சுவரோரம் சாய்ந்து நிற்கும்படி வைத்து, உயரமானவர்கள் முன்னால் இடம் பிடித்து, ஏழே முக்காலுக்கு இடம் மாற்றிக்கொள்வது வசதி. பெரிய தொந்தரவு கைப்பேசிதான். முழு நிகழ்ச்சியையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் படமெடுப்பவர் ஒருவர் முன்னால் நின்றால், பின்னால் நிற்கும் இருபது பேரும் அந்தத் திரையில்தான் மௌனத்தைப் பார்க்கிறார்கள். லாஸ்ட் போஸ்டைப் பதிவு செய்யுங்கள், பாதகமில்லை; அது முடிந்ததும் கைப்பேசியைப் பைக்குள் போடுங்கள். மௌனத்தைப் படமெடுத்து வீட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்?

இன்னொன்று கைதட்டல். முடிந்ததும் கை தன்னாலே போகும். அதிலும் பைப் வாத்தியமோ பாட்டோ இருந்த நாளில் நிச்சயம் போகும். இங்கே கைதட்டக் கூடாது. இதைக் கச்சேரியாக நடத்துவதில்லை, கருமத்தைப் போலச் செய்கிறார்கள். எட்டாம் நாள் காரியத்தில் யாராவது கைதட்டுவார்களா? பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நன்றாகவே நிற்கிறார்கள்; கைக்குழந்தையோடு போகிறவர்கள் வளைவின் வெளி ஓரத்தில் நின்றால் அழ ஆரம்பித்ததும் நாலு எட்டில் வெளியே வந்துவிடலாம்.

எந்த மாதம் போவது? நவம்பர் 11 அன்று போனால் நிகழ்ச்சியின் பிரம்மாண்டம் கிடைக்கும்: காலை 11 மணிக்குச் சிறப்பு நிகழ்ச்சி, கூரைத் திறப்புகளின் வழியாகப் பாப்பி மலரிதழ்கள் கொட்டும், ஊரே நிரம்பி வழியும். வளைவுக்குள் நிற்க இடம் கிடைப்பது சந்தேகம். பலர் சந்தைச் சதுக்கத்தில் திரையில்தான் பார்ப்பார்கள். எங்கள் தேர்வு ஜனவரி, பிப்ரவரி. சுற்றுலாக் கூட்டம் கரைந்திருக்கும். ஐந்தரை, ஆறு மணிக்கே இருட்டிவிடும், எட்டு மணிக்கு வளைவுக்குள் விளக்கொளி மட்டும்தான். ஜூனில் அதே எட்டு மணிக்கு நல்ல பகல் வெளிச்சம், சூரியன் மறையவே பத்து மணி ஆகும். குளிரைச் சாதாரணமாக எண்ண வேண்டாம்: இரு பக்கமும் திறந்த கூடம் என்பதால் காற்று புனல் வழியாக வருகிற மாதிரி வரும். தொப்பி, கையுறை, தடித்த காலுறை வேண்டும். அதோடு மௌனத்தின்போது தொப்பியைக் கழற்றுவது வழக்கம், ஆகவே காதுக்குத் தனியாக ஒரு மஃப்ளர் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஊரின் கதை தெரியவேண்டும். நான்கு வருடக் குண்டுவீச்சில் ஈப்பரில் முழுசாக ஒரு வீடு நிற்கவில்லை. இடிபாடுகளை அப்படியே நினைவுச்சின்னமாக விட்டுவிடலாம் என்று வின்ஸ்டன் சர்ச்சில் யோசனை சொன்னார். ஊர்க்காரர்களோ திரும்பி வந்து செங்கல் செங்கலாகக் கட்டினார்கள். சந்தைச் சதுக்கத்தில் நிற்கும் இடைக்காலத் துணி மண்டபத்தின் மறுகட்டுமானம் 1967-இல்தான் முடிந்தது. தங்கள் ஊருக்காக வந்து இறந்தவர்களுக்கு நன்றி சொல்ல என்ன செய்யலாம் என்று யோசித்து, ஊர்ப் போலீஸ் அதிகாரி பியேர் வாண்டன்பிராம்புஷ் முன்கை எடுத்துத் தொடங்கியதுதான் இந்த பியூகிள் வழக்கம். முதலில் ஒரு கோடைக்காலம் மட்டும் நடந்தது. 1929-இலிருந்து தினசரி வழக்கமானது. நடத்துவது லாஸ்ட் போஸ்ட் அசோசியேஷன் என்ற தன்னார்வ அமைப்பு, அரசாங்கமோ ராணுவமோ இல்லை. ஊதுகிறவர்களும் சாதாரண ஊர்க்காரர்கள்.

ஒரே ஒரு தடவைதான் ஈப்பரில் இது நின்றது. 1940 மே 20 முதல் ஜெர்மானியரின் பிடியில் ஊர் இருந்தவரைக்கும் இங்கிலாந்தில் புரூக்வுட் ராணுவக் கல்லறையில் இதை நடத்தினார்கள். 1944 செப்டம்பர் 6 அன்று போலந்துப் படைகள் ஊரை மீட்டன. ஊரின் வேறு பகுதிகளில் சண்டை இன்னும் ஓயாத அதே மாலையில் மெனின் வாயிலில் மறுபடி பியூகிள் ஊதினார்கள். 2015 ஜூலை 9 அன்று 30,000-ஆவது நிகழ்ச்சி. கொரோனா ஊரடங்கில் பார்வையாளர் யாருமில்லாமல் ஒரே ஓர் ஆள் வந்து ஊதிவிட்டுப் போனார். 2023-இல் தொடங்கிய புதுப்பிப்பு வேலையின்போது சாரம் கட்டியிருந்த காலத்திலும் நிற்கவில்லை. யாரும் பார்க்காத நாளிலும் நடக்கிற காரியம் என்பதால்தான் பார்க்கப் போகிற நாளில் அதற்கு அவ்வளவு கனம் இருக்கிறது.

நம்மவர்கள்? 1914 செப்டம்பர், அக்டோபரில் லாகூர், மீரட் டிவிஷன்கள் மார்சேய் துறைமுகத்தில் இறங்கின. வெயில் காலச் சீருடையோடு வந்தவர்கள் அக்டோபர் கடைசியிலேயே இந்த ஊருக்குத் தெற்கே பள்ளங்களில் நின்றார்கள். அக்டோபர் 31 அன்று ஹோலபேக்கில் மெஷின்கன் குழுவில் எல்லோரும் விழுந்த பிறகும் காயத்தோடு சுட்டுக்கொண்டிருந்த 129-ஆவது பலூச்சி ரெஜிமெண்டின் குதாதாத் கான், விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்திய வீரர். 1915 ஏப்ரல் 26 அன்று விஷவாயு பரவிய களத்தில், தானும் வாயுவைச் சுவாசித்தபடியே அதிகாரிகளைத் தூக்கிவந்து காப்பாற்றிய மீர் தாஸ்துக்கும் அதே விருது. மெனின் வாயிலில் இந்தியப் படையினர் பெயர் நானூறுக்கும் மேல் இருக்கிறது. சீக்கியர், கார்வாலிகள், கூர்க்காக்கள், பட்டாணியர் என்று பெரும்பாலும் வடக்கத்திப் பெயர்கள். படிக்கட்டு வழியாகத் தெற்குப் பக்கக் கோட்டைக் கரைக்கு ஏறினால் புல்வெளியில் அசோகச் சிங்கத்தோடு இந்தியப் படைகளுக்கான தனி நினைவுச்சின்னம் உண்டு. நிகழ்ச்சிக்கு வருகிற கூட்டத்தில் பலர் இதன் பக்கம் திரும்புவதில்லை. ஐந்து நிமிட வேலை, பார்த்துவிட்டு இறங்குங்கள்.

பிரான்ஸ் எல்லைக்குள் காரில் போகிற தூரத்தில் நூவ் ஷாப்பேல் இருக்கிறது. ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்து 1927 அக்டோபரில் திறந்த இந்திய நினைவிடம். காணாமல்போனவர்கள் 4,700-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் வட்டச் சுவரில். தாமரை முகப்போடு தூண், இரண்டு பக்கமும் புலிகள், ஆங்கிலத்தோடு அரபி, தேவநாகரி, குர்முகி எழுத்துகள். அங்கே தினமும் யாரும் பியூகிள் ஊதுவதில்லை. சாலைச் சந்திப்பில் வண்டிகள் போகும் சத்தம்தான். போகிறவர்கள் தாங்களே ஒரு நிமிடம் நின்றுவிட்டு வரவேண்டும்.

தமிழ்ப் பெயரைத் தேடுகிறவர்களுக்கு இந்தச் சுவர்களில் ஏமாற்றம் வரும், அதன் காரணமும் தெரிந்திருக்கவேண்டும். மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவு போன்ற தென்னாட்டுப் படைப்பிரிவினர் பெருமளவு போனது மெசபடோமியாவுக்கு, இன்றைய இராக்குக்கு. அங்கே பஸ்ராவில் 40,000-க்கும் மேற்பட்டோருக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். பிரிட்டிஷ் வீரர்களின் பெயரையும் இந்திய அதிகாரிகளின் பெயரையும் செதுக்கினார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்க்குப் பெயர் செதுக்கவில்லை; இந்த ரெஜிமெண்டில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும். ஈப்பரில் ஒரு கடைநிலைச் சிப்பாய்க்கும் கிடைத்த வரி பஸ்ராவில் முனுசாமிக்கும் கோவிந்தனுக்கும் கிடைக்கவில்லை. கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் இதை ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆப்பிரிக்கா, மத்திய கிழக்குப் போர்முனைகளில் குறைந்தது 1,16,000 பேரைப் பெயர் சொல்லியோ, சில இடங்களில் எந்த விதத்திலுமோ நினைவுகூரவில்லை என்று அதில் இருக்கிறது. இன்றைக்கு ஒரு தமிழர் மெனின் வாயிலில் மௌனமாக நிற்கும்போது எதிரே இருக்கும் பெயர்களோடு, எங்குமே எழுதப்படாத இந்தப் பெயர்களும் கணக்கில் வரவேண்டும் என்று நினைக்கிறோம்.

லண்டன் நிகழ்ச்சியோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. மௌனம் என்கிற வழக்கமே 1918 மே மாதம் கேப் டவுனில், நண்பகல் பீரங்கி ஒலித்ததும் தினமும் ஊர் நின்றதில் உருவானது. முதல் நிமிடம் உயிரோடு திரும்பியவர்களுக்கு நன்றியாக, இரண்டாவது நிமிடம் திரும்பாதவர்களுக்காக. அதை அறிந்திருந்த தென்னாப்பிரிக்காவின் சர் பெர்சி ஃபிட்ஸ்பாட்ரிக் லண்டனுக்கு எழுதி யோசனை சொல்ல, 1919 நவம்பர் 7 அன்று மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அறிவிப்பு வெளியிட்டார். நவம்பர் 11 காலை 11 மணிக்கு முதல் இரண்டு நிமிட மௌனம். இப்போது லண்டனில் செனொடாஃப் என்ற போர் நினைவுச்சின்னத்தின் முன்னால் நவம்பர் இரண்டாவது ஞாயிறன்று பிக் பென் பதினொன்று அடிக்க, பீரங்கி ஒலியில் தொடங்கி பீரங்கி ஒலியில் முடிகிறது. காதால் கேட்கும் எல்லைக்கோடு அங்கேயும் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நம் நாட்டிலும் காந்தி நினைவு நாளான ஜனவரி 30 அன்று அதே முறைதான்: 10.59-இலிருந்து 11 வரை சங்கு, இரண்டு நிமிடம் மௌனம், 11.02-இலிருந்து 11.03 வரை மறுபடி சங்கு. விதி நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. சங்கு ஒலிக்காத இடங்களில்தான் அது கரைந்துபோகிறது.

உங்கள் பள்ளியிலோ சங்கத்திலோ செய்வதென்றால் இங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை எளிமையானவை. யாருக்காக நிற்கிறோம் என்று முதலில் ஒரு பெயரையாவது வாசியுங்கள். எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள், சொன்ன நேரத்தைக் காப்பாற்றுங்கள். இரண்டு நிமிடம் முடியாது என்றால் ஒரு நிமிடம் என்று அறிவித்து அறுபது விநாடி முழுசாக நில்லுங்கள். தொடக்கத்துக்கு ஒரு மணி, முடிவுக்கு ஒரு மணி. கைமணி போதும், பூசை மணி இருந்தால் அதுவே போதும். கடிகாரம் பார்ப்பவரும் மணி அடிப்பவரும் ஒரே ஆளாக இருக்கட்டும், மைக் பிடிப்பவர் வேறு ஆளாக இருக்கட்டும். பின்னணியில் வீணையோ புல்லாங்குழலோ ஓடவிடாதீர்கள். இசை ஓடினால் கூட்டம் இசையைக் கேட்கும். முடிந்ததும் "நன்றி" என்று சொல்லாமல் இரண்டாவது மணியோடு விட்டுவிடுங்கள்.

போகும் வழி: பிரசல்ஸ், கென்ட் பக்கமிருந்து வருகிறவர்கள் கோர்ட்ரைக் வழியாக ரயிலில் வரலாம், கோர்ட்ரைக்கிலிருந்து ஈப்பருக்கு அரைமணி. நிலையத்திலிருந்து சந்தைச் சதுக்கத்தைத் தாண்டி வாயிலுக்கு நடக்க இருபது நிமிடத்துக்குள். துணி மண்டபத்தில் உள்ள போர் அருங்காட்சியகத்தை மதியம் பார்த்துவிட்டு வந்தால் நாள் சரியாக அமையும். இரவில் ரயில் குறைவு. நீண்ட நிகழ்ச்சி நாளில் எட்டரைக்கு மேல் ஆகிவிடலாம், ஆகவே திரும்பும் ரயிலைக் காலையிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்; முடிந்தால் அந்த இரவு ஊரிலேயே தங்குங்கள். சதுக்கத்தைச் சுற்றி உணவகங்கள் உண்டு, ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கேதான் போவார்கள். ஆறரைக்கே சாப்பிட்டுவிடுவது நல்லது.

குழுவாக வந்து மலர் வளையம் வைக்க விரும்பினால் லாஸ்ட் போஸ்ட் அசோசியேஷனின் இணையதளத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்கவேண்டும். கோடையும் நவம்பரும் சீக்கிரம் நிரம்பிவிடும். விண்ணப்பத்தில் யாருடைய நினைவாக என்று எழுத இடம் கிடைக்கும்போது, பொதுவாக 'வீரர்களுக்கு' என்று எழுதாமல் ஒரு பெயரை எழுதப் பாருங்கள். பெயர் கண்டுபிடிக்க போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தேடலாம், பஸ்ராவில் கல்லில் ஏறாத சிப்பாய்களின் பெயர்களையும் அதில் தேடமுடியும். தமிழ்ப் பெயர்களை அன்றைய குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள், முனுசாமியே நான்கு விதமாக இருப்பார். ஆகவே பெயரை முழுதாகப் போட்டுத் தேடாமல் முதல் மூன்று எழுத்தைப் போட்டு, படைப்பிரிவை மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்று வைத்துத் தேடுங்கள். பல பதிவுகளில் அப்பா பெயர், ஊர், தாலுகா, மாவட்டம் என்று கூடுதல் குறிப்பு இருக்கும். ஊர்ப் பெயரை வைத்தே உங்கள் பக்கத்து ஆள் ஒருவர் கிடைக்கலாம். படைப்பிரிவு எண்ணையும் சிப்பாயின் எண்ணையும் குறித்துக்கொண்டு, வளையத்தில் கட்டும் அட்டையில் தமிழிலேயே எழுதுங்கள். மழையில் மை கரையாமல் இருக்க பென்சிலாலோ அழியாத மார்க்கராலோ எழுதி, மேலே பிளாஸ்டிக் உறை போடவேண்டும்.